இரண்டாவது பட்டியல்

இந்த முறை புதுவைக் கதை இல்லை, பாரிஸ் கதை. ஆனால் அது தொடங்கியது என் வீட்டுத் திண்ணையில்தான்.

என் பேத்தி பி.எஸ்சி. வேதியியல் முடித்தவள். ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் ஒன்றரை வருடம் வேலையும் பார்த்திருக்கிறாள். அவளுடைய அத்தை பாரிஸ் புறநகரில் இருக்கிறாள். நம் ஊரில் பல வீடுகளில் உள்ள நிலைமைதான். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை கைபேசியை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அங்குள்ள ஒரு பெரிய பல்கலைக்கழகத்தின் வேலைவாய்ப்பு அறிவிப்பு அதில் இருந்தது. "தாத்தா, இந்த பிரெஞ்சு எனக்கு முழுசாப் புரியல. கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்றாள்.

மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தேன். இரண்டு பட்டியல்கள் இருந்தன. முதலாவது ஆராய்ச்சியாளர்களுக்கு. முனைவர் பட்டம் கட்டாயம். இரண்டாவது ஆராய்ச்சிக்குத் துணை நிற்பவர்களுக்கு. ஆய்வக டெக்னீஷியன், கருவிகளைப் பராமரிப்பவர், நூலக உதவியாளர், கணக்கர், செயலர் என்று போயிற்று.

"முதல் லிஸ்ட்ல எனக்கு ஒண்ணும் இல்ல. ரெண்டாவதுல ஒண்ணு இருக்கு. ஆனா அது பாட்டில் கழுவுற வேலை தாத்தா" என்றாள். சொல்லும்போது அவள் முகம் சுருங்கியது.

நான் 34 வருடம் அரசாங்க எழுத்தர். அதில் பெரும்பகுதி எஸ்டாப்ளிஷ்மென்ட் செக்ஷனில் கழிந்தது. எந்தப் பணியிடம் இருக்கலாம், எது கூடாது, யாருக்கு என்ன பெயர், என்ன சம்பளம் என்று குறிப்பு எழுதுவதுதான் என் பிழைப்பு. எனவே இந்த இரண்டு பட்டியல்களும் எனக்குப் புதியவை அல்ல. பள்ளியில் பிரெஞ்சு வழியில் படித்த காலத்தில் கேட்டதும், ஓய்வு பெற்ற பின் பொழுதுபோகாமல் படித்ததுமாகச் சேர்ந்து, அவளுக்கு ஒரு கதை சொன்னேன். அதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பாரிஸ் பல்கலைக்கழகத்தில், அதாவது எல்லோரும் சொர்போன் என்று சொல்லும் இடத்தில், ஆராய்ச்சி என்று ஒரு தனி வேலையே கிடையாது. பேராசிரியருக்குச் சம்பளம் பாடம் நடத்துவதற்காக. ஆராய்ச்சி அவர் சொந்த ஆர்வத்தில் செய்வது. அவருக்குக் கீழே மூன்று படிகள் இருந்தன. 'ஷெஃப் தெ திராவோ' என்பவர் செய்முறை வேலைகளுக்குப் பொறுப்பாளர். 'பிரெபாரத்தேர்' என்பவர் பாடத்துக்கும் சோதனைக்கும் வேண்டியதைத் தயார்செய்து வைப்பவர். 'கர்சோன் தெ லபொரத்துவார்' என்பவர் ஆய்வகக் கடைநிலை ஊழியர், நம் ஊர்ச் சொல்லில் லேப் அட்டெண்டர். இந்த மூன்று பெயர்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதை முழுக்க வரும்.

1878ல் சொர்போனில் 19 வயதுப் பையன் ஒருவன் பிரெபாரத்தேராகச் சேர்ந்தான். பெயர் பியேர் க்யூரி. அவனுடைய அண்ணன் ழாக்கும் அங்கே கனிமவியல் ஆய்வகத்தில் அதே பதவியில் இருந்தார். 1880ல் இந்த இரண்டு பிரெபாரத்தேர்களும் சேர்ந்து ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார்கள். குவார்ட்ஸ் போன்ற சில படிகங்களை அழுத்தினால் அவற்றில் மின்சாரம் தோன்றுகிறது. இதற்குப் பெயர் பீசோ மின்விளைவு. இன்று நம் கையில் கட்டியிருக்கும் குவார்ட்ஸ் கடிகாரம் ஓடுவது அதே விளைவால்தான். கண்டுபிடித்த இருவரும் இரண்டாவது பட்டியல்காரர்கள்.

1882ல் பியேர், பாரிஸ் நகராட்சி தொழிற்கல்விக்காக அப்போதுதான் தொடங்கியிருந்த இயற்பியல் வேதியியல் பள்ளிக்கு ஷெஃப் தெ திராவோவாகப் போனார். 13 வருடம் அதே பதவி. பிறகு அங்கேயே பேராசிரியர். மொத்தம் 22 வருடம் அந்தப் பள்ளியில் இருந்தார். சொர்போனில் இடம் கேட்டு விண்ணப்பித்தார். 1898ல் பௌதிக வேதியியல் இருக்கை கிடைக்கவில்லை. கனிமவியலுக்கு முயன்றார், அதுவும் கிடைக்கவில்லை. பெரிய பள்ளிகளில் படித்த முத்திரை அவரிடம் இல்லை. ஆளைப் பிடித்து வேலை வாங்கும் சாமர்த்தியமும் இல்லை. அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு இது புரியும்.

இதற்கிடையில் 1895ல் போலந்திலிருந்து வந்து படித்த மரியா ஸ்க்ளொதோவ்ஸ்காவைத் திருமணம் செய்துகொண்டார். நம் பாடநூல்கள் மேரி கியூரி என்று சொல்வது இவரைத்தான். எங்கள் பள்ளியில் மரி க்யூரி. அந்த அம்மையார் 1897 கடைசியில் யுரேனியக் கதிர்களைப் பற்றி ஆராயத் தொடங்கினார். அவருக்கு எந்தப் பதவியும் இல்லை, சம்பளமும் இல்லை. கணவர் வேலை பார்க்கும் பள்ளியில் ஓர் ஓரத்தில் இருந்துகொள்ள இயக்குநர் அனுமதி கொடுத்திருந்தார். அவ்வளவுதான். அளவெடுப்பதற்கு அவர் பயன்படுத்தியது அந்த இரண்டு பிரெபாரத்தேர்கள் கண்டுபிடித்த குவார்ட்ஸ் முறையை.

1898 ஜூலையில் பொலோனியம், டிசம்பரில் ரேடியம். ரேடியம் பற்றிய அறிக்கையில் மூன்று பெயர்கள் உண்டு. பியேர், மரி, மூன்றாவதாக குஸ்தாவ் பெமோன். இந்த பெமோன் யார்? அதே பள்ளியில் வேதியியல் பிரிவின் ஷெஃப் தெ திராவோ.

அடுத்து ரேடியத்தைத் தனியாகப் பிரித்துக் காட்ட வேண்டும். பொஹீமியாவில் யோவாகிம்ஸ்தால் சுரங்கத்தில் யுரேனியம் எடுத்த பிறகு தூக்கிப் போட்ட கழிவு டன் கணக்கில் வந்து இறங்கியது. வேலை நடந்த இடம் ரூ லோமோன் தெருவில் ஒரு கொட்டகை. முன்பு மருத்துவ மாணவர்கள் பிணம் அறுத்துப் படித்த இடம். கூரை ஒழுகும். பெரிய கலத்தில் கொதிக்கும் கழிவை ஆளுயர இரும்புக் கம்பியால் நாள் முழுக்கக் கிண்டினார் மரி. 1902ல் கிடைத்தது ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு ரேடியம் குளோரைடு.

அந்தக் கொட்டகைக்கு ஒருவர் வந்து போவார். பள்ளியின் கர்சோன். தன் வேலை நேரம் முடிந்த பிறகு, யாரும் சொல்லாமல், சம்பளம் இல்லாமல் வந்து கைகொடுப்பார். அவர் பெயர் பெத்தி. பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்குச் சின்னவர் என்று பொருள். குடும்பப் பெயரே அதுதான். டன் டன்னாகத் தூக்கி இறக்கிய வேலையில் அவர் பங்கு எவ்வளவு என்று எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

1900ல் ஜெனீவா பல்கலைக்கழகம் பியேரை அழைத்தது. ஆண்டுக்கு 10,000 பிராங்க் சம்பளம், வீட்டுப்படி, ஆய்வகம், இரண்டு உதவியாளர்கள், அதோடு மனைவிக்கும் ஒரு பதவி. அந்த நாள் நிலவரத்தில் இது பெரிய அழைப்பு. பியேர் முதலில் சரி என்று சொல்லிவிட்டு, ரேடியம் வேலை பாதியில் நின்றுவிடும் என்று மறுத்துவிட்டார். சொர்போன் கொடுக்காததைப் பக்கத்து நாடு கொடுக்க வந்தது என்பதை மட்டும் பாருங்கள். அவர்கள் கொடுக்க வந்ததில் பாதி உதவியாளர்கள்தான்.

1903ல் நோபல் பரிசு வந்தது. பெக்கரெலோடு சேர்த்து மூவருக்கு. இனி சும்மா இருக்க முடியாது என்று 1904ல் சொர்போன் பியேருக்காக ஒரு பேராசிரியர் இருக்கையை உருவாக்கியது. அந்த இருக்கையோடு ஆய்வகம் வரவில்லை என்று தெரிந்ததும், அப்படியானால் வேண்டாம், இருந்த இடத்திலேயே இருந்துகொள்கிறேன் என்றார் பியேர். அதன் பிறகு மூன்று பணியிடங்களுக்கு அனுமதி கிடைத்தது. ஒரு ஷெஃப் தெ திராவோ, ஒரு பிரெபாரத்தேர், ஒரு கர்சோன்.

அந்த ஷெஃப் தெ திராவோ பதவியில் அமர்த்தப்பட்டவர் மரி க்யூரி. 1904 நவம்பர் 1 முதல், ஆண்டுக்கு 2,400 பிராங்க். மாதம் 200. கையில் முனைவர் பட்டம், நோபல் பரிசு. இரண்டு தனிமங்களைக் கண்டுபிடித்தாயிற்று. அத்தனைக்கும் பிறகு பல்கலைக்கழகத்தில் அவருக்குக் கிடைத்த முதல் வேலை செய்முறைப் பொறுப்பாளர். கணவரின் ஆய்வகத்துக்குள் நுழைய அன்றுதான் அவருக்கு எழுத்துப்பூர்வமான உரிமை வந்தது. அந்த ஆணையை நான் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது. அப்படிப்பட்ட ஆணைகளை நானும் எழுதியிருக்கிறேன். பெயர் இருக்கும் இடத்தில் பெயர், தொகை இருக்கும் இடத்தில் தொகை. ஆள் யாரென்று கோப்புக்குத் தெரியாது.

1906 ஏப்ரல் 19, மழை நாள். ரூ தோஃபின் தெருவில் குதிரை வண்டிச் சக்கரத்தில் சிக்கி பியேர் இறந்துபோனார். அரசாங்கம் மரிக்குக் குடும்ப ஓய்வூதியம் தர முன்வந்தது. வேண்டாம், என்னால் உழைத்துச் சம்பாதிக்க முடியும் என்று சொல்லிவிட்டார். கணவர் நடத்திய பாடத்தை நடத்தும் பொறுப்பை அவரிடமே கொடுத்தார்கள். இம்முறை ஆண்டுக்கு 10,000 பிராங்க். 1908ல் முழுப் பேராசிரியர் ஆனார்.

இனிதான் நான் பேத்திக்குச் சொல்ல வந்த விஷயம். பாரிஸ் பல்கலைக்கழகமும் பாஸ்தர் நிறுவனமும் சேர்ந்து கட்டிய ரேடியம் நிலையம் 1914ல் தயாரானது. ஆய்வகத்துக்கு மரி க்யூரி தலைவர். அங்கே வேலைக்குச் சேர்ந்தவர்களைக் கவனியுங்கள். மகள் இரேன் 1918ல் சேர்ந்தார், உதவியாளராக. 1925ல் ஃபிரெதெரிக் ழோலியோ என்ற இளைஞர் வந்தார், பிரெபாரத்தேராக. பியேர் வேலை பார்த்த அதே நகராட்சிப் பள்ளியில் படித்தவர். பல்கலைக்கழகப் பட்டம் இல்லை. வேலை பார்த்துக்கொண்டே படித்து 1930ல் முனைவர் ஆனார். இரேனைத் திருமணமும் செய்துகொண்டார். 1935ல் கணவன் மனைவி இருவருக்கும் வேதியியல் நோபல்.

1929ல் ஒரு பெண் வந்தாள். பெயர் மார்கரித் பெரே. வயது 19. சின்ன வயதில் தகப்பனாரை இழந்தவள். மருத்துவம் படிக்க ஆசை, வீட்டில் வசதியில்லை. பெண்களுக்கான தொழிற்கல்விப் பள்ளியில் வேதியியல் டெக்னீஷியன் டிப்ளோமா மட்டும் வாங்கியிருந்தாள். நேர்முகத்துக்குப் போனபோது கறுப்பு உடையில் ஒரு வயதான அம்மாள் வந்து பேசினார். ஆய்வகச் செயலர் போலும் என்று நினைத்துக்கொண்டாள். பேச்சின் நடுவில்தான் அது மரி க்யூரி என்று தெரிந்தது. வேலை கிடைக்காது என்றே நினைத்துத் திரும்பினாள். அந்த இருண்ட கட்டடத்துக்கு மறுபடி வர வேண்டியதில்லை என்று அவளுக்குக் கொஞ்சம் நிம்மதிகூட. சில நாளில் பணி ஆணை வந்தது.

அவள் வேலை என்ன? என் பேத்தி சொன்ன அதே வேலைதான். கலம் கழுவுவது, கரைப்பது, வடிகட்டுவது, படிய வைப்பது, திரும்பக் கரைப்பது. ஆக்டினியம் என்ற தனிமத்தை மற்றவற்றிலிருந்து பிரித்துச் சுத்தம் செய்து கொடுக்க வேண்டும். அந்தத் தனிமத்தை 1899ல் கண்டுபிடித்தவர் மரியின் சகாவான ஆந்த்ரே தெபியேர்ன். பிரித்தெடுப்பது எளிதில்லை. மரி 1934ல் இறக்கும் வரை மார்கரித் அவரிடமே இருந்து இதைக் கற்றுக்கொண்டாள். அந்தக் கையை மிஞ்ச அந்த ஆய்வகத்தில் ஆள் இல்லை என்று ஆனது.

1939 ஜனவரி. புதிதாகச் சுத்தம் செய்த ஆக்டினியத்தை உடனுக்குடன் அளந்தபோது, எதிர்பாராத ஒரு கதிர்வீச்சு முதல் சில நிமிடங்களில் வேகமாக ஏறுவதைக் கண்டாள். மற்றவர்கள் சுத்தம் செய்து, அடுத்த அறைக்குக் கொண்டுபோய், அளப்பதற்குள் அந்த நேரம் கடந்துவிடும். இவளுடைய கை வேகமானது, அதனால் கண்ணில் பட்டது. தேடிப் பார்த்தாள். ஆக்டினியம் அணுக்களில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்று வேறு வழியில் சிதைந்து, இதுவரை யாரும் பார்க்காத ஒரு தனிமமாக மாறுகிறது. அதன் அரை ஆயுள் ஏறத்தாழ 22 நிமிடம். சீசியம் உப்போடு சேர்ந்து படிகிறது, ஆகவே கார உலோகம். மெந்தலேயெவ் காலத்திலிருந்து காலியாக இருந்த 87ஆம் கட்டம் நிரம்பியது. அதற்கு முன் பலர் கண்டுபிடித்ததாகச் சொல்லி, வர்ஜினியம், மொல்தாவியம் என்று பெயரெல்லாம் வைத்து, எல்லாம் தவறென்று போனது. பட்டமே இல்லாத ஒரு டெக்னீஷியன் சொன்னது நின்றது. அறிக்கையில் அவள் பெயர் மட்டும்தான். பின்னாளில் அந்தத் தனிமத்துக்குப் பிரான்சியம் என்று தன் நாட்டின் பெயரை வைத்தாள்.

பிறகு பல்கலைக்கழகத்தில் படிக்க அவளுக்கு உதவித்தொகை கொடுத்தார்கள். 1946ல் முனைவர். 1949ல் ஸ்திராஸ்பூர் பல்கலைக்கழகத்தில் அணு வேதியியல் பேராசிரியர். 1962ல் பிரெஞ்சு அறிவியல் கழகத்துக்குத் தொடர்பு உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண். 1911ல் மரி க்யூரிக்கே கதவைத் திறக்காத கழகம் அது. ஆனால் அந்த வேகமான கைகள் வருடக்கணக்காகத் தொட்ட பொருள் சும்மா விடவில்லை. நீண்ட நாள் புற்றுநோயோடு போராடி 1975ல் இறந்துபோனார்.

இன்னொரு பெயரும் சொல்ல வேண்டும். பியேருக்குச் சொர்போனில் பௌதிக வேதியியல் கிடைக்காமல் போன அதே 1898ல், அங்கே அதே பாடத்தைக் கற்பிக்கச் சேர்ந்தவர் ழான் பெரன். க்யூரி குடும்பத்துக்கு நல்ல நண்பர். 1926ல் இயற்பியல் நோபல் பெற்றவர். ஆராய்ச்சி என்பது பாடம் நடத்திவிட்டு மிச்ச நேரத்தில் செய்யும் காரியம் அல்ல, அதற்கென்று சம்பளமும் பதவி வரிசையும் வேண்டும் என்று விடாமல் அரசாங்கத்தின் கதவைத் தட்டியவர் இவர்தான். 1936ல் ஆராய்ச்சிக்கென்று ஒரு துணை அமைச்சர் பதவி வந்தது. முதலில் சில மாதம் இரேன், பிறகு பெரன். பெண்களுக்கு ஓட்டுரிமையே இல்லாத பிரான்சில் இரேன் அமைச்சர்! 1939 அக்டோபர் 19 அன்று தேசிய ஆராய்ச்சி மையம் பிறந்தது. அதுதான் இன்றைய சே.என்.எர்.எஸ். இன்று அங்கே ஆராய்ச்சியாளருக்கு ஒரு பதவி வரிசை, பொறியாளர், டெக்னீஷியன், நிர்வாக ஊழியருக்கு இன்னொரு வரிசை. பேத்தியின் கைபேசியில் வந்த இரண்டு பட்டியல்களுக்கும் வேர் அந்தக் காலத்தில்தான் இருக்கிறது.

எல்லாம் சொல்லி முடித்த பிறகு பேத்தி கேட்டாள். "அப்போ பாட்டில் கழுவினா நானும் புரொஃபசர் ஆயிடலாமா தாத்தா?"

இல்லை என்றேன். பெத்தி கடைசி வரை பெத்தியாகத்தான் இருந்தார். மார்கரித் ஒருத்தி மேலே போனாள் என்றால், அவளைப் படிக்க அனுப்ப யாரோ சம்மதித்தார்கள். அது எல்லோருக்கும் வாய்க்காது. நான் சொல்ல வந்தது வேறு. இரண்டு பட்டியல்கள் என்பது அலுவலக வசதிக்காகப் போட்ட கோடு. ஆய்வகத்தின் உள்ளே அந்தக் கோடு கிடையாது. பிரான்சியம் தெரிந்தது சுத்தம் செய்த கைக்குத்தான்.

இதை அவ்வளவு உறுதியாகச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. அதை அவளிடம் சொல்லவில்லை, இங்கே சொல்கிறேன்.

எண்பதுகளில் என் மேசைக்கு ஒரு கோப்பு வந்தது. ஒரு கல்லூரியில் வேதியியல் பிரிவு லேப் அட்டெண்டர் ஓய்வு பெற்றுவிட்டார். இடம் நீண்ட நாளாகக் காலி. அதை நிரப்ப அனுமதி வேண்டும். சிக்கன நடவடிக்கைக் காலம். காலியாகவே ஓடிவிட்ட இடம் என்றால் தேவையில்லாத இடம் என்று பொருள் கொள்வது எங்கள் வழக்கம். 'இப்பணியிடத்தைக் கைவிடலாம்' என்று நான் குறிப்பு எழுதினேன். நாலு வரி. மேலே இருந்தவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். கல்லூரியிலிருந்து ஒரு பேராசிரியர் நேரில் வந்து, "சார், ஆசிட்டை யார் கலந்து வைப்பாங்க? பையனுங்க பிராக்டிகலுக்கு வந்து நிக்கிறாங்க" என்றார். ஆணை போய்விட்டது ஐயா என்றேன். தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். அந்த வருடத்திலிருந்து வாரம் ஒருமுறை நடந்த செய்முறை வகுப்பு பதினைந்து நாளைக்கு ஒருமுறை ஆயிற்று என்று பின்னால் கேள்விப்பட்டேன். விதிப்படி என் குறிப்பில் பிழை இல்லை. ஆனால் எத்தனை பிள்ளைகளின் கை வேகம் அந்த நாலு வரியில் போயிற்றோ என்று இப்போது, 1904ஆம் வருடத்து அந்த மூன்று பணியிடங்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் தோன்றுகிறது.

அன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு பேத்தி விண்ணப்பத்தைத் திறந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பிரெஞ்சைத் திருத்திக் கொடுத்தேன். 'உங்கள் அனுபவத்தை விவரிக்கவும்' என்ற இடத்தில் அவள் ஒரே வரி எழுதியிருந்தாள். அது போதாது, கலம் கழுவியதிலிருந்து எழுது என்றேன். அரைப் பக்கம் வந்தது. அனுப்பியாயிற்று. பதில் இன்னும் வரவில்லை. வந்தால் எழுதுகிறேன்.